ஊராட்சி போய் மாநகராட்சி வந்தாச்சு… பள்ளிக்கூடத்துக்கு யார் பொறுப்பு? சடையங்குப்பம் எழுப்பும் கேள்வி

ஓர் அரசுப் பள்ளியில் மாணவிகளின் கழிவறைக் கதவு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செலவு சில ஆயிரம் ரூபாய்தான். யாரிடம் சொல்ல வேண்டும்? தலைமை ஆசிரியரிடமா, வட்டாரக் கல்வி அலுவலரிடமா, கவுன்சிலரிடமா, மண்டல அலுவலகத்திலா?

கிராமத்தில் இதற்கு ஓரளவு தெளிவான பதில் உண்டு. பழைய சென்னை நகருக்குள்ளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்களில்தான் சிக்கல். வடசென்னையின் சடையங்குப்பம் அப்படியான ஓர் ஊர்.

ஊர்களின் எல்லையை மாற்றும்போது வரி, சாலை, குப்பை பற்றியெல்லாம் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் விலையைக் குழந்தைகள்தான் கொடுக்கிறார்கள்.

ஒரே இரவில் நகரமான ஊர்

கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த தாழ்வான பகுதி சடையங்குப்பம். பக்கத்தில் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. கொஞ்சம் தள்ளிப் போனால் எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும். பூண்டி ஏரியிலிருந்து அதிக அளவில் தண்ணீர் திறந்துவிட்டால் செய்திகளில் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று.

2011 வரை இது திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என மொத்தம் 42 உள்ளாட்சி அமைப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. சடையங்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம் ஆகியவை மணலி மண்டலத்துக்குள் வந்தன.

'இது வடசென்னைப் பிரச்சினை' என்று கடந்துபோக வேண்டாம். ஐடி நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் காரப்பாக்கமும் ஒக்கியம் துரைப்பாக்கமும் அதே 25 ஊராட்சிகளின் பட்டியலில் இருந்தவைதான்.

ஊர் மாநகராட்சிக்குள் வந்தது. ஆனால் அங்கிருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளும் கூடவே வரவில்லை. அவை பள்ளிக்கல்வித் துறையின் கீழேயே தொடர்ந்தன. 'ஊராட்சி ஒன்றியம்' என்ற அமைப்பே இல்லாத இடத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி!

சரி, கிராமத்துப் பள்ளியை யார் நடத்துறாங்க?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1958-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, பழைய மாவட்ட வாரியங்கள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்குப் போயின. ஆசிரியர்களும் ஒன்றியத்தின் ஊழியர்களாக இருந்தார்கள். 1981 ஜூன் 1 முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டனர்.

அன்றைக்கு ஏற்பட்ட பிரிவு இன்றும் தொடர்கிறது. பள்ளியின் பெயரும் கட்டடமும் ஒன்றியத்துடையது. ஆசிரியரும் சம்பளமும் பாடமும் மாநில அரசுடையவை. கூரை ஒழுகினால் ஒன்றியம், ஆசிரியர் வரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். இரண்டு கை என்றாலும் எந்தக் கைக்கு எந்த வேலை என்பது ஊருக்குத் தெரியும்.

மேலே இருக்கும் அதிகார ஏணியும் அடிக்கடி மாறியிருக்கிறது. 2018 மே மாதம் வந்த அரசாணை 101, தொடக்கக் கல்விக்கென்று தனியாக இருந்த மாவட்ட அளவிலான அலுவலர் பதவிகளை மாற்றி, எல்லா அதிகாரத்தையும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தது. நான்கே ஆண்டுகளில், 2022 செப்டம்பரில் வந்த அரசாணை 151, தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அறையின் பெயர்ப் பலகை மாறும் ஒவ்வொரு முறையும், மனுவோடு போகும் பெற்றோர் 'இங்க இல்லம்மா, அந்த ஆபீசுக்குப் போங்க' என்ற பதிலைத்தான் கேட்க நேரிடும்.

நகரத்துக் கதை வேற

சென்னை மாநகராட்சிக்குப் பள்ளி நடத்துவதில் நூறாண்டு அனுபவம் உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சிதான் ஆயிரம் விளக்கில் உள்ள தனது பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. காமராஜர் காலத்துத் திட்டத்துக்கும் எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவுத் திட்டத்துக்கும் முந்தைய கதை அது.

மாநகராட்சிக்கென்று தனிக் கல்வித் துறை, கல்வி அலுவலர், உதவிக் கல்வி அலுவலர்கள், மன்றத்தில் கல்விக்கு நிலைக்குழு எல்லாம் உண்டு. தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை சொந்தமாக நடத்துகிறது. மக்கள் கட்டும் சொத்து வரியில் கல்வி வரியும் ஒரு பங்கு.

இங்கே ஒரு சட்ட விநோதத்தைக் கவனிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணையில், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 29 துறைகளில் 'தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி' வெளிப்படையாக இருக்கிறது. நகர அமைப்புகளுக்கான 12-வது அட்டவணையின் 18 துறைகளில் அப்படி இல்லை. 'பண்பாட்டு, கல்வி, அழகியல் அம்சங்களை வளர்த்தல்' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறது. ஓர் ஊர் கிராமத்திலிருந்து நகரமாகும்போது, பள்ளி மீது உள்ளாட்சிக்கு இருக்கும் பொறுப்பு சட்டப் புத்தகத்தில் மெலிந்துபோகிறது. சென்னை இதில் விதிவிலக்கு. அதற்குக் காரணம் சட்டத்தைவிட அதன் வரலாறுதான்.

ஆக, சடையங்குப்பம் சேர்ந்த மாநகராட்சிக்குப் பள்ளி நடத்தத் தெரியும், பணமும் உண்டு. ஆனால் சடையங்குப்பம் போன்ற ஊர்களின் பள்ளிகள் அதன் பட்டியலில் இல்லை.

நடுவில் போன 11 ஆண்டுகள்

இந்த இடைவெளி காகிதத்தில் மட்டும் இருந்த ஒன்றல்ல. சில உதாரணங்கள்:

மழை விடுமுறை: கனமழைக்குப் பள்ளி விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். மாநகராட்சி 2011-ல் விரிந்தாலும் சென்னை வருவாய் மாவட்டத்தின் எல்லை 2018-ல்தான் அதே அளவுக்கு விரிந்தது. நடுவில் இருந்த ஏழு ஆண்டுகளும் மணலி மண்டலத்துப் பிள்ளைகள் மாநகராட்சிக்குள் வாழ்ந்தபடி, 'திருவள்ளூருக்கு லீவா?' என்று டிவியைப் பார்க்க வேண்டியிருந்தது.

திட்டங்கள்: மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி சார்ந்த 'சிட்டிஸ்' திட்டத்தில் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு 28 சென்னைப் பள்ளிகள் மேம்படுத்தத் தேர்வாயின. அவை மாநகராட்சிப் பள்ளிகள். அதே மாநகராட்சி எல்லைக்குள் இருந்தும், பலகையில் வேறு பெயர் எழுதியிருந்த பள்ளிகளுக்கு அந்த வரிசையில் நிற்கவே இடமில்லை.

கேள்வி கேட்கும் இடம்: ஊராட்சியாக இருந்தபோது கிராம சபை இருந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது பள்ளியைப் பற்றி எழுந்து நின்று கேட்கலாம். மாநகராட்சியானதும் கிராம சபை போனது. நகரங்களுக்கான பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-ல்தான் கூடத் தொடங்கின. அதற்கு முன் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களே கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிராம சபையும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, தொடக்கப் பள்ளியை முடித்தே போயிருக்கும்.

139 பள்ளிகள் வந்தாச்சு. பிரச்சினை முடிஞ்சுதா?

இணைப்புக்குச் சுமார் 11 ஆண்டுகள் கழித்து, விரிவாக்கப் பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகளைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. அதுவரை 281 ஆக இருந்த மாநகராட்சிப் பள்ளிகளின் எண்ணிக்கை 420 ஆனது.

சரியான முடிவு. ஆனால் தாமதமான முடிவு. அதோடு, பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கட்டடத்தை மாற்றி எழுதுவது எளிது, ஆசிரியரை மாற்றி எழுதுவது எளிதல்ல. ஓர் ஆசிரியரின் பதவி உயர்வும் பணி மாறுதலும் அவருடைய பணிமூப்புப் பட்டியலைச் சார்ந்தவை. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தப் பட்டியல் நீண்ட காலம் ஒன்றிய அளவில் இருந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியபோது, ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. மாநகராட்சியின் கல்விப் பணி வேறொரு தனி உலகம். ஒரு பட்டியலில் 20 ஆண்டுகள் காத்திருந்தவரை இன்னொரு பட்டியலின் கடைசியில் நிற்கச் சொன்னால் அவர் தயங்குவது நியாயம்தான். அந்தத் தயக்கத்தைத் தீர்க்காமல் நிர்வாகத்தை மட்டும் மாற்றினால், ஒரே வளாகத்தில் இரண்டு எஜமானர்கள் என்ற பழைய கதை புதிய பெயரில் தொடரும்.

பெற்றோருக்கு இருக்கும் முக்கியமான பயம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடலாம். 'பலகை மாறினா புள்ளைங்களோட சலுகை போயிடுமா?' போகாது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கும் பொருந்தும். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அப்படியே. இலவசப் பாடநூல், சீருடை, சத்துணவு எதிலும் மாற்றமில்லை.

எதுக்கு யாரைக் கேட்கணும்?

விரிவாக்கப் பகுதியில் ஒரு பள்ளியைச் சுற்றி எத்தனை கைகள் இருக்கின்றன என்று பார்க்கலாம்:

• கட்டடம், கழிவறை, சுற்றுச்சுவர், தூய்மை: மாநகராட்சி. முதல் படி மண்டல அலுவலகம்.

• குழாய்த் தண்ணீர்: சென்னைக் குடிநீர் வாரியம்.

• பாடத்திட்டம், தேர்வு, பாடநூல்: பள்ளிக்கல்வித் துறை.

• ஆசிரியர் காலியிடம்: அவர் எந்தப் பணிப் பட்டியலில் வருகிறார் என்பதைப் பொறுத்து மாநகராட்சிக் கல்வித் துறை அல்லது பள்ளிக்கல்வித் துறை. குழப்பம் அதிகம் உள்ள இடம் இதுதான்.

• மதியச் சத்துணவு: சமூகநலத் துறையின் திட்டம். காலை உணவு: சென்னையில் நடைமுறைப்படுத்துவது மாநகராட்சி.

• ஆசிரியர் பயிற்சி, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான உதவி: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். இதில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024-25-ம் ஆண்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்திருப்பதாகத் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது இந்தத் திட்டத்துக்காகத்தான்.

• விடுமுறை, பேரிடர் முடிவுகள்: மாவட்ட ஆட்சியர்.

ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல நோக்கம் இருக்கிறது. ஆனால் தினக்கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், அரை நாள் கூலியை விட்டு எந்த வாசலில் போய் நிற்பது? தெரியாத வாசலில் நின்று திரும்பும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம்தான். இரண்டு முறை அலைந்தவர் மூன்றாவது முறை போக மாட்டார். அடுத்த ஆண்டு கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பார். பிறகு அதே பள்ளியைப் பார்த்து 'சேர்க்கை குறைந்துவிட்டது' என்று அதிகாரிகள் குறிப்பு எழுதுவார்கள்.

கையில் இருக்கும் ஒரே சாவி

இத்தனை அலுவலகங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதி பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை.

பல ஆண்டுகள் இது கையெழுத்துக் குழுவாகவே இருந்தது. 2022-ல் தமிழகம் முழுக்கப் புதிதாக அமைத்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. உள்ளாட்சிப் பிரதிநிதியும் உறுப்பினர். அதாவது கவுன்சிலரும் தலைமை ஆசிரியரும் பெற்றோரும் முகம் பார்த்துப் பேசும் ஒரே இடம் இது. தீர்மானங்களைச் செயலியில் பதிவேற்றும் வசதியும் உண்டு.

ஆனால் தீர்மானம் போட்ட பிறகு என்ன நடக்கிறது? தலைமை ஆசிரியர் அதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்ற அதே கேள்விதான் மறுபடி வந்து நிற்கிறது. அந்த அலுவலகம் 'இது எங்க லிமிட் இல்ல' என்றால் தீர்மானம் கோப்பில் தூங்கும்.

வெள்ளம் வந்தால் பள்ளிதான் வீடு

மற்ற ஊர்களைவிட இங்கே இந்தக் குழப்பத்துக்கு விலை அதிகம். 2021 நவம்பரில் கொசஸ்தலை கரை மீறியபோது மணலி புதுநகரும் சடையங்குப்பமும் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் கழிமுகம் வரை பரவியது.

இப்படியான நாள்களில் சென்னையின் பல பகுதிகளில் நிவாரண முகாமாக மாறுவது பள்ளிக்கூடம்தான். வகுப்பறையில் குடும்பங்கள் தங்கும், தாழ்வாரத்தில் சமையல் நடக்கும். அது தேவை. ஆனால் முகாம் முடிந்த மறுநாள் வளாகத்தைக் கழுவி, கழிவறையைச் சுத்தம் செய்து, நனைந்த பதிவேடுகளை மாற்றி, பிள்ளைகளின் புது நோட்டுக்கு ஏற்பாடு செய்வது யார்? வருவாய்த் துறை முகாமை மூடிவிட்டுப் போகும். மாநகராட்சி சாலையைப் பார்க்கும். கல்வித் துறை 'பள்ளி எப்போது திறக்கும்?' என்று கேட்கும். ஆண்டுதோறும் வெள்ளத்தை எதிர்பார்க்கும் பகுதியில் இதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில் இருக்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் எப்படி?

கேரளம் 1990-களின் நடுப்பகுதியில் ஒரு தெளிவான கோடு போட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் கிராம பஞ்சாயத்துகளிடமும், உயர்நிலைப் பள்ளிகளை மாவட்ட பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைத்தது. ஆசிரியர்களின் நியமனத்தையும் சம்பளத்தையும் மாநிலமே வைத்துக்கொண்டது. அங்கேயும் இரண்டு கைகள்தான். ஆனால் கட்டடத்துக்கும் வசதிக்கும் யார் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. பள்ளியை மேம்படுத்தியது உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்கும் சாதனையாக அங்கே மாறியது அதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே துறையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கேரளத்தின் அனுபவம் சொல்லவில்லை. எது யாருடையது என்று வெளிப்படையாகச் சொன்னாலே போதும் என்றுதான் சொல்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பள்ளி வாசலில் ஒரு பலகை. கட்டடம், தண்ணீர், ஆசிரியர், உணவு என ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலர், எந்த எண், எத்தனை நாளில் பதில் என்று தமிழில் எழுதிவைக்க வேண்டும். ரேஷன் கடையில் இருப்பு விவரம் எழுத முடியும் என்றால் பள்ளியிலும் இதை எழுத முடியும்.

இரண்டாவது, மேலாண்மைக் குழுவின் தீர்மானத்துக்கு மாநகராட்சி மண்டல அலுவலகமே ஒற்றை வாசலாக இருக்கட்டும். தங்கள் வேலை இல்லை என்றால் உரிய துறைக்கு அனுப்புவது அந்த அலுவலகத்தின் பொறுப்பு. பெற்றோர் அலையக் கூடாது.

மூன்றாவது, பகுதி சபையில் வார்டுக்குள் இருக்கும் பள்ளிகளின் வரவு செலவு கட்டாயம் வாசிக்கப்பட வேண்டும். கல்வி வரி கட்டுபவருக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

நான்காவது, மாற்றப்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பணிமூப்புப் பாதுகாப்பைத் தெளிவாக எழுத்தில் தர வேண்டும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். 2025 தொடக்கத்தில் தமிழகத்தின் பல மாநகராட்சிகளோடு அருகில் உள்ள ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்புகள் வந்தன. பல ஊர்களில் மக்கள் எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்ற அவர்களின் கவலைகள் நியாயமானவை. ஆனால் அந்த விவாதத்தில் பள்ளியின் பெயர் அதிகம் அடிபடவில்லை. இனி எந்த ஊரை எந்த நகரத்தோடு இணைத்தாலும், அந்த ஆணையிலேயே பள்ளிகளுக்கு ஒரு இணைப்புப் பட்டியல் இருக்க வேண்டும்: எந்தப் பள்ளி, எந்தத் தேதியிலிருந்து, யாருடைய பொறுப்பு. இணைப்பு நடக்கும் அன்றைக்கே இது முடிவாக வேண்டும்.

2011-ல் ஓர் அரசாணையால் சடையங்குப்பம் நகரமானது. அதே ஆணையில் பள்ளிகளைப் பற்றி இன்னும் ஒரு பத்தி எழுதியிருந்தால் 11 ஆண்டுகள் வீணாகியிருக்காது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் நுழைந்த குழந்தை, 139 பள்ளிகள் கைமாறிய நேரத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டது. அடுத்து நகரமாகப் போகும் ஊர்களின் குழந்தைகளாவது அப்படிக் காத்திருக்க வேண்டாம்.